பிள்ளைகள் முன்னால் அழலாம்

(திருநெல்வேலியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துக்க வீட்டில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து நம் பக்கத்துப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. “பிள்ளைகள வச்சுக்கிட்டு அழாதட்டி, அதுக ஏங்கிப் போயிரும்.” பெற்றவரைப் பறிகொடுத்தவளுக்குப் பிள்ளைகள் இருந்துவிட்டால் இந்த வார்த்தை அவள் காதில் விழாமல் போகாது. சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். என் அம்மா பக்கவாதத்தில் படுத்து, எழுந்திருக்காமலே போனபோது எனக்கும் சொன்னார்கள். மகள் அப்போது நாலாம் வகுப்பு. மகன் யுகேஜி.

அந்த வார்த்தையை மறுத்துப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் அழலாம். அவர்களையும் நம்மோடு சேர்த்துக்கொண்டு அழலாம். பெற்றவரை இழந்த துக்கத்தைச் சுமந்துகொண்டு பிள்ளை வளர்ப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், அந்தத் துக்கத்தில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்பேன்.

நம் பழைய துஷ்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே வந்து, செத்தவரின் மகளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஒப்பாரியில் போனவரின் ஆயுள் முழுவதும் வந்துவிடும். அவர் நட்ட மரம், பார்த்த வைத்தியம், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், அந்த மகளுக்கு இனிப் பிறந்த வீடு இல்லாமல் போன கதை எல்லாம் வரும். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோறு பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ வரும். நீர்மாலை எடுப்பார்கள், கோடி போடுவார்கள். ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கும். அழுவதும் அதில் ஒரு வேலை. அதைத் தனியாகச் செய்யும்படி யாரையும் விட்டதில்லை.

இதில் பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது. அதுதான் நெய்ப்பந்தம். குச்சியில் துணியைச் சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தாத்தாவையோ பாட்டியையோ சுற்றி வருவார்கள். “நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் இருக்கான்” என்று பெருமையாகச் சொல்லும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் முன்னோர் குழந்தை வளர்ப்புப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள் இல்லை. ஆனாலும் வீட்டிலேயே சின்னவர்கள் கையில் அன்றைக்கு ஒரு காரியத்தைக் கொடுத்து நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பதை நாம் பழைய வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய வழக்கம் நேர் எதிராக இருந்தது.

என் அம்மாவைக் கிடத்தியிருந்தபோதும் இந்தப் பேச்சு வந்தது. பெண் பிள்ளை, அதுவும் சின்னப் பிள்ளை, பயந்துவிடுவாள், போனைக் கொடுத்து மாடியில் உட்கார வையுங்கள் என்றார்கள். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்கி, “பிடிக்கட்டும். அவளுக்கும் அது ஆச்சிதான” என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. என் அண்ணன் பின்னால் நின்று மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நெய் சொட்டிவிடாமல் பந்தத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவள் வேறு எதையும் பார்க்காமல், அந்தச் சாய்வு மாறாமல் சுற்றி வந்தாள். பல நாள் கழித்து, விளையாட வந்த தோழியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: “எங்க ஆச்சிக்கு நான்தான் வெளிச்சம் பிடிச்சேன்.” அந்தக் குரலில் பயம் இல்லை. ஒரு பொறுப்பை முடித்தவளின் குரல் அது.

இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டமாக வைக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்க வேண்டும். என்ன நடக்கப்போகிறது, ஆச்சி எப்படி இருப்பாள், யார் யார் அழுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வருகிறாயா என்று கேட்க வேண்டும். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2ஆம் தேதி, பாளையங்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரும் ஏங்கிப் போகவில்லை.

இன்றைக்கு நம் வீடுகள் மாறிவிட்டன. காலையில் ஃப்ரீசர் பெட்டி வருகிறது. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் துக்கமும் முடிந்ததாகக் கணக்கு. பதினேழாம் நாள் காலையில் பெற்றவரை இழந்த பெண் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அவள் எங்கே அழுவாள்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது. குழாய்ச் சத்தத்துக்கு நடுவிலும் அதற்குக் கேட்கும். முகம் கழுவிச் சிரித்துக்கொண்டே வெளியே வருகிற அம்மாவைப் பார்த்து அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? ஆச்சியைப் பற்றி இந்த வீட்டில் பேசக் கூடாது என்று கற்றுக்கொள்ளும். அம்மாவுக்கு என்னவோ ஆகிறது, அதை என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று கற்றுக்கொள்ளும். ஏங்கிப் போவது அங்கேதான்.

அழுதுவிட்டு, “அம்மாவுக்கு ஆச்சி ஞாபகம் வந்துட்டு, அதான் அழுதேன், இப்ப பரவால்ல” என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது. அழுகை வரும், அது அடங்கும், அடங்கிய பிறகு அம்மா தோசை சுடுவாள் என்பதும் தெரிந்துவிடுகிறது. நாளைக்கு அவர்களுக்கும் இழப்பு வரும், நாமே போகும் இழப்பும் வரும். அன்றைக்கு அவர்கள் கையில் இருக்கப்போவது நம்மிடம் பார்த்துக் கற்றதுதான்.

அடுத்தது, பிள்ளைகளிடம் சாவை எப்படிச் சொல்வது என்பது. ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும், எழுதவும் வரையவும் வைத்தும் ஒரு ஆய்வு செய்து 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோதான் நினைக்கிறார்கள், போனவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கிறார்கள், எல்லோருக்கும் ஒருநாள் இது உண்டு, திரும்பி வர வழியில்லை என்பதெல்லாம் ஒன்பது வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது என்று அவர் கண்டார். வயதுக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே திருத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளையின் புரிதல் துண்டு துண்டாகத்தான் வருகிறது என்பதில் மாற்றம் இல்லை.

ஆகவே, “ஆச்சி தூங்குறா” என்று சொன்னால் பிள்ளை அன்றிரவு தூங்கப் பயப்படும். “ஊருக்குப் போயிருக்கா” என்றால் நம்மிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபப்படும், நாம் வேலைக்குப் போகும்போது காலைக் கட்டிக்கொள்ளும். “சாமி கூப்பிட்டுக்கிட்டார்” என்பது நம்பிக்கையுள்ள வீடுகளில் இயல்பாக வரும் பேச்சு. அதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், உடம்பில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டுச் சமாளித்திருக்கலாம். ஹூப்பர் வெளியூர் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் குழந்தை உளவியல் தெரிந்தவர்களைக் கலந்து பேசி, ஹூப்பர் செத்துப்போனார், இனி வரமாட்டார் என்று நேராகச் சொல்லும் ஒரு பகுதியை எழுதினார்கள். 1983 நவம்பரில், நன்றி சொல்லும் திருநாளன்று அதை ஒளிபரப்பினார்கள். விடுமுறை நாள், பெற்றோர் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்பது கணக்கு. பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிள்ளைகளின் கேள்வி எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் நான் சோறு ஊட்டும்போது என் மகன் கேட்டான்: “நான் ஆச்சி மாத்திரைய ஒளிச்சு வச்சேன்லா, அதனாலயாம்மா?” எப்போதோ விளையாட்டாக ஒரு மாத்திரை அட்டையைத் தலையணை உறைக்குள் செருகி வைத்திருந்தான். அன்றைக்கே கண்டுபிடித்துச் சிரித்து, நாங்கள் மறந்துபோன விஷயம். அவன் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். “இல்லய்யா, அதனால இல்ல. அன்னைக்கே அந்த மாத்திரைய ஆச்சி போட்டுட்டா. ஆச்சி தலைக்குள்ள போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு. டாக்டர் மருந்து கொடுத்தும் சரியாகல. நீ எதுவும் செய்யல” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பளம் கேட்டான். மறுவாரம் அதே கேள்வி, அதே பதில். சின்ன வயதில் தான் நினைத்ததும் செய்ததும்தான் உலகத்தை நடத்துகிறது என்ற எண்ணம் உண்டு. நாம் பேச்சைத் தொடங்கவே இல்லையென்றால் இப்படிப்பட்ட குற்ற உணர்வு வெளியே வர வழியே இல்லாமல் போகும்.

கேட்டுவிட்டு உடனே அப்பளம் கேட்பதைப் பார்த்து, பிள்ளைக்குத் துக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். வயிற்றுவலி என்று வரும், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வரும்.

பள்ளிக்கூடம் என்றதும் என் சக ஆசிரியர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். “பாட்டி இறந்துவிட்டதால்” என்று விடுப்புக் கடிதம் வந்தால் ஆசிரியர் அறையில் ஒரு சிரிப்பு எழும். “இந்த வருஷம் இது எத்தனாவது பாட்டி?” என்று பிள்ளையிடமே கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டிதான் அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டி அனுப்பியவளாக இருப்பாள். தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே அழைத்து, “ஆச்சி பேர் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பெற்றோரும் வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கவனம் சிதறுவது ஏன் என்று எங்களுக்குத் தெரியட்டும்.

இனி, பெரியவர்களின் இழப்பைப் பற்றி. நாற்பது வயதில் அம்மா போனால் அதை ஊர் பெரிய இழப்பாக எண்ணுவதில்லை. வயதாகிவிட்டது, பேரன் பேத்தி பார்த்துவிட்டாள், நல்ல சாவு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிற காலத்தில் அம்மாவை இழப்பதில் தனியான ஒரு இழப்பு இருக்கிறது. முதல் பிள்ளை பிறந்தபோது உரைகல்லில் ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் வசம்பும் எத்தனை இழைப்பு இழைக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். இன்றைய மருத்துவர்கள் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். உரைமருந்து போகட்டும். அதை இழைத்துக்கொண்டே, “நீயும் இப்படித்தான் ராத்திரி எல்லாம் கத்துவ” என்று சொல்ல ஒருத்தி இருந்தாளே, அவள் இல்லை.

மகனுக்கு ஒருமுறை காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “உங்களுக்குச் சின்ன வயதில் இப்படி வந்திருக்கிறதா?” காய்ச்சல் வலிப்பு குடும்பத்தில் தொடர்வது உண்டு, அதனால் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. கை தானாகப் போனை எடுத்தது. அம்மா என்று போட்டிருந்த எண் வரை போய்விட்டேன். அப்பாவிடம் கேட்டேன், அவருக்கு ஞாபகம் இல்லை, அந்த வருஷங்களில் அவர் வெளியூரில் வேலை பார்த்தார். நான் எப்போது நடந்தேன், எதற்குப் பயந்தேன், எந்த மருந்து எனக்குச் சேரவில்லை என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டு எழுதி வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இங்கே அம்மா அப்பா இருக்கிறவர்கள் இன்றைக்கே போய்க் கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு அப்பாவையும் பார்க்க வேண்டும். அவர் சாப்பிட மாட்டேன் என்பார். அண்ணன் தம்பிக்குள் நகைப் பேச்சு வரும். அதையெல்லாம் இன்று விடுகிறேன். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும்.

அழவும் பிள்ளைகளோடு பேசவும் நேரம் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். எவ்வளவோ போராடி வந்த நல்ல ஏற்பாடு. பெற்றவள் செத்துப்போனால் பெரும்பாலும் கைகொடுப்பது வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்புதான். ஜுரமும் கல்யாணமும் அதற்குள்தான். தனியார் கடையில் நிற்கிற பெண்ணுக்கு அதுவும் சந்தேகம். பிறப்புக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு சிறு பங்கையாவது இறப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும்.

துக்கம் எப்படி நகர்கிறது என்பதற்கு வருகிறேன். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது அது. சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் அவர் அதை எழுதினார். பிறகுதான் அது இழந்தவர்களுக்கும் என்று பரவியது. என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருப்பது நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த கருத்து. இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் போய்வருகிறது: ஒரு பக்கம் இழப்பில் அமிழ்வது, இன்னொரு பக்கம் அடுத்த வேலையைப் பார்ப்பது. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே போய்வருவதே துக்கத்தின் நடை என்கிறார்கள். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அம்மாவை மறந்துவிட்டேனே என்று குறுகிப்போகிற பெண்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் மறக்கவில்லை. மனம் மறுகரையில் இருக்கிறது, திரும்ப வரும்.

திரும்ப வருகிற நாள்களும் ஓரளவு தெரிந்தவைதான். புறநானூற்றில் 112ஆம் பாட்டு பாரியின் இரண்டு பெண்களும் பாடியது. தந்தை இருந்த அந்த மாதத்து நிலவையும், தந்தையும் மலையும் போய்விட்ட இந்த மாதத்து நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான் பாட்டு. துக்கப்படுகிறவர்களுக்குக் காலண்டர் இப்படித்தான் இருக்கும். போன பொங்கலுக்கு அம்மா இருந்தாள், இந்தப் பொங்கலுக்கு இல்லை. தலைத்திவசம் வரை பண்டிகை இல்லை என்ற நம் வழக்கம், அந்த முதல் வருஷத்தை ஊரறிய ஒதுக்கி வைக்கிறது. அதில் நன்மை உண்டு. ஆனால் பிள்ளையின் பிறந்தநாளை அதில் சேர்க்காதீர்கள். ஏழு வயது ஒருமுறைதான் வரும். பாயசம் வையுங்கள், பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், ஆச்சி இருந்தால் என்ன வாங்கிக் கொடுத்திருப்பாள் என்று கேளுங்கள். திதியன்றும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் முடித்துக்கொள்ளாமல், காக்கைக்குச் சோறு வைக்கிற வேலையையாவது அவர்களிடம் கொடுங்கள்.

போய்வருவது நின்று, ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பல மாதம் ஆகியும் பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை, தூக்கம் இல்லை, நானும் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது பலவீனம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே நீடித்த துக்கம் இன்று இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீண்டு வாழ்க்கையை முடக்கினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டாலோ ஆறு மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தொண்டு அமைப்பு தற்கொலை எண்ணம் வந்தவர்களிடம் பேசி வருகிறது.

இவ்வளவு நேரமும் பெண்களைப் பற்றியே பேசிவிட்டேன். கொள்ளி வைத்தது என் அண்ணன். மொட்டையும் மழித்த மீசையுமாக அவன் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய மூன்று வயது மகள் கிட்டே வர மறுத்து அலறினாள். அவன் திண்ணையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் தலையில் தடவவிட்டு, “முடி வளர்ந்துரும் பாப்பா, அப்பாதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூத்த மகன் என்று எல்லாச் சடங்கையும் அவன் கையில் கொடுத்தவர்கள், ஆம்பளை அழக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவன் எங்கே அழுதான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றுகிறான். இந்த அரங்கில் அப்படிப்பட்ட அண்ணன்களும் தம்பிகளும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்தை மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேள்வி கேட்கும் நேரத்தில் முதலில் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறவர்கள் அவர்களை வெளியே அனுப்ப வேண்டாம்.